சுழல் தொட்டியைச் சும்மாத் தொட்டி ஆக்குதல்: ஒரு மூலபாட ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

அமெரிக்காவில் 1980களிலும் 1990களிலும் கட்டிய புறநகர் வீடுகள் பலவற்றில், பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் மூலையில் ஒரு பொருள் கிடக்கும். அக்ரிலிக்கில் வார்த்தது. இருவர் கால் நீட்டிப் படுக்கலாம். வெள்ளை நிறமாக இருந்தால் வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். பாதாம் நிறமாகவோ, யாரும் பெயர் சொல்லத் துணியாத ஓர் இளஞ்சிவப்பாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிய மேடை. விளிம்பில் ஒரு பொத்தான், ஒன்றிரண்டு திருகுகுமிழ்கள். உட்சுவரில் ஆறு முதல் எட்டு வரை ஜெட் எனப்படும் வட்டவாய்கள். கால்மாட்டில் சல்லடை மூடியோடு ஓர் உறிஞ்சுவாய். பொத்தானை அமுக்கினால் மேடைக்கு அடியில் ஒரு மோட்டார் உறுமும். தொட்டித் தண்ணீர் உறிஞ்சுவாய் வழியே போய், ஜெட் வழியே குமிழிகளோடு பீறிட்டுத் திரும்பி வரும். இதனைச் சுழல் தொட்டி என்க.

இதன் வாய்களை அடைத்து, மோட்டாரைக் கழற்றி, தண்ணீர் தேமே என்று நிற்கும்படி செய்துகொள்வோர் அந்நாட்டில் பலர் உளர். அங்ஙனம் ஆக்கப்பட்டதைச் சும்மாத் தொட்டி என்க. முன்னது பின்னதாகும் முறையும், அப்படி ஆக வேண்டி வந்த காரணமும், ஆன பிறகு எஞ்சுவனவும் இக்கட்டுரையின் பொருள்.

எல்லை கூறுவாம். தோட்டத்தில் திறந்தவெளியில் வைத்து, அதே தண்ணீரை மருந்திட்டு வாரக்கணக்கில் சூடாகவே வைத்திருக்கும் பெருந்தொட்டிகள் இவ்வாய்வில் அடங்கா. காற்றை மட்டும் ஊதும் தொட்டிகளும் அடங்கா. அவற்றின் குழாயில் தண்ணீர் சுற்றுவதில்லை, ஆகையால் அவற்றின் பாவக்கணக்கு வேறு. தங்கும் விடுதிகளில் இதய வடிவில் காணப்படுபவை அகத்துறை ஆய்வாளர்க்கு உரியன.

இப்பொருள் பற்றித் தமிழில் முன்னாய்வு எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. சும்மா இருத்தல் எத்துணைக் கடினம் என்பதைத் தமிழ் ஞானியர் பலரும் சொல்லியாயிற்று. அதற்கு ஆகும் செலவை டாலரில் எழுதிவைத்தவர்தாம் இல்லை. அக்குறையை நிரப்புவதே நோக்கம்.

குலவரலாறு

இத்தொட்டியின் குலம் ஆகாயத்தில் தொடங்குகிறது. இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலி என்ற நிலப்பகுதி. அதில் வால்வசோனே என்னும் சிற்றூர். அங்கிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜக்கூசி குடும்பத்தில் ஆண்மக்கள் எழுவர். 1915இல் பெர்க்கிலி நகரில் விமானத்துக்கு மரச் சுழல்விசிறி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். விசிறி செய்தவர்கள் அதற்குப் பின்னால் ஒரு விமானத்தையும் செய்து பொருத்தினார்கள். மேலே இறக்கையும், பயணிகள் அமர மூடிய அறையும் கொண்ட விமானம் அது. 1921இல் அது மொடெஸ்டோ அருகே விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களுள் ஜியோகொண்டோ என்னும் சகோதரரும் ஒருவர். இனி வானம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள்.

வானத்தை விட்டவர்கள் கிணற்றைப் பிடித்தார்கள். ஒடுங்கிய வாயின் வழியே தண்ணீரைப் பாய்ச்சினால் அதன் வேகம் கூடும், அழுத்தம் குறையும், அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் அதற்குள் இழுபடும். வெஞ்சூரி என்னும் இத்தாலியர் 1797இல் எழுதிவைத்த விளைவு இது. இதை வைத்து 1920களில் ஜக்கூசி சகோதரர்கள் விவசாயக் கிணறுகளுக்கு ஜெட் பம்ப் செய்து விற்றார்கள். நம்மூர்ப் புழக்கடையில், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரட்டைக் குழாயை இறக்கிவிட்டு மேலே உட்கார்ந்திருக்கும் ஜெட் மோட்டாரும் இதே விதியை நம்பிப் பிழைப்பதுதான். ஆக, கலிஃபோர்னியச் சொகுசுத் தொட்டிக்கும் நம் துணி துவைக்கும் கல்லருகே உறுமும் மோட்டாருக்கும் பங்காளி உறவு உண்டு. சொத்துத் தகராறு இல்லாததால் இது இதுவரை வெளியே தெரியவில்லை.

இனி வருவது சிரிப்புக்குரியதன்று. எழுவரில் ஒருவரான கேண்டிடோவின் மகன் கென்னத்துக்குக் குழந்தைப் பருவத்திலேயே முடக்குவாதம் வந்தது. மருத்துவமனையில் சுழல்நீர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அது இதம் தந்தது. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வலி. பம்ப் செய்வதையே தொழிலாகக் கொண்ட தகப்பன், 1948இல், வீட்டுத் தொட்டியில் வைத்து ஓட்டும்படியான சிறு பம்பு ஒன்றைச் செய்தார். 1950களின் நடுவில் அது ஜே-300 என்ற பெயரில் கடைக்கும் வந்தது.

இந்த ஜே-300 நம் ஆய்வுக்கு மிக முக்கியம். என்னையெனின், அது தனியே தூக்கி வைக்கும் பொருள். சாதாரணத் தொட்டியில் வைத்தால் சுழல் தொட்டி. எடுத்துவிட்டால் சும்மாத் தொட்டி. மாற்றியமைக்கும் கூலி இல்லை, பிளம்பர் இல்லை, சிலிக்கான் பசை இல்லை. இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து மக்கள் தேடும் நிலை, அன்று கையால் தூக்கும் தொலைவில் இருந்தது.

1968இல் அக்குடும்பத்து அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூசி, பம்பைத் தொட்டிக்கு அடியிலும் ஜெட்டுகளைத் தொட்டிச் சுவரிலும் நிலையாகப் பொருத்தி விற்பனைக்கு விட்டார். அதற்கு வைத்த பெயர் ‘ரோமன் பாத்’. நோயாளிப் பிள்ளைக்கான மருந்து, அன்றோடு வீட்டு அலங்காரம் ஆயிற்று.

கருதுகோள்

ரோமானியப் பெயர் வைத்தவர் ரோமில் ஒரு செய்தியைக் கவனிக்க மறந்தார். அங்கே 216இல் திறந்த கரகல்லா குளியல்மனையின் தளத்துக்கு அடியில் சுரங்க வழிகள் உண்டு. அவற்றில் விறகு சுமந்து உலை எரிக்க ஆள்கள் இருந்தார்கள். மேலே எண்ணெய் தேய்க்க, வழிக்க, துடைக்க, துணி காக்க ஆள்கள் இருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டு மருத்துவமனையின் சுழல்நீர்த் தொட்டிக்கும் அப்படியே: நோயாளியை இறக்கி ஏற்றவும், அவர் எழுந்ததும் தண்ணீரை வடித்துத் தொட்டியைக் கிருமி நீக்கிக் கழுவவும் சம்பளத்துக்கு ஆள் உண்டு.

சுழல் தொட்டி என்பது ஆள் வைத்து நடத்த வேண்டிய ஒரு கருவி. அது வீட்டுக்கு வரும்போது கருவி வந்தது, ஆள் வரவில்லை. காலியாக இருந்த அந்தப் பணியிடத்தில் வீட்டுக்காரர் தம்மை அறியாமலே அமர்த்தப்பட்டார். சும்மாத் தொட்டி இயக்கம் என்பது, காலம் தாழ்த்தி அவர் கொடுக்கும் பணிவிலகல் கடிதம். இதுவே நம் கருதுகோள்.

அப்பணியின் கடமைகளைத் தொட்டியோடு வரும் கையேடுகள் விரித்துரைக்கும். மாதம் ஒரு முறையேனும், சிலர் கூற்றுப்படி இரு முறை, ஜெட்டுகளுக்கு மேல் வரும்படி வெந்நீர் நிரப்ப வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் நுரைக்காத தூளை அதில் கரைக்க வேண்டும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓட்டி, வடித்து, மறுபடி குளிர்நீர் நிரப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு குளியல்கூட நடவாத தொட்டியில், தொட்டி மட்டும் மாதந்தோறும் இரண்டு தண்ணீர் குளிக்கும்.

விலக்குகளும் உண்டு. நுரைக்கும் சோப்பு ஆகாது; ஊற்றி மோட்டாரை ஓட்டினால் நுரை குளியலறைக் கதவு வரை வந்து எட்டிப் பார்க்கும். எண்ணெய் ஆகாது, குழாயில் படியும். தண்ணீர் ஜெட்டுக்கு மேல் நிற்காதபோது மோட்டாரைப் போடலாகாது. போட்டால் உட்கூரை நனையும். ஆகவே சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலுக்கு இத்தொட்டி அறவே உதவாது. சீயக்காயைப் பற்றிக் கையேடுகள் பேசவில்லை. பேசாதது அனுமதி ஆகாது.

கணிதவியல்

ஜெட்டுகள் மூழ்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நடுத்தர அளவுத் தொட்டிக்கு ஏறத்தாழ 60 காலன், அதாவது 227 லிட்டர் என்று கொள்வோம். அவ்வீட்டு ஹீட்டரின் கொள்ளளவு? 40 காலன் என்பது பரவலான அளவு. ஏறத்தாழ 150 லிட்டர். அந்த 150 லிட்டரும் சூடாகக் கிடைக்குமா எனின், கிடைக்காது. மேலே சூடாக எடுக்க எடுக்க அடியில் குளிர்நீர் புகுவதால், நூற்றுக்கு எழுபது பங்குதான் நம்பத்தகும். ஆக 105 லிட்டர், 49 டிகிரி செல்சியஸில்.

பனிக்காலத்தில் நகராட்சிக் குழாய்நீர் 10 டிகிரியில் வரும் என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரிக் குளியல்நீரில் நூற்றுக்கு 77 பங்கு ஹீட்டர் நீராக இருக்க வேண்டும். 105ஐ 0.77ஆல் வகுத்தால் 136. தொட்டிக்குத் தேவை 227. கையில் இருப்பது 136. குறை 91 லிட்டர்.

அற்றன்று, ஆர்க்கிமிடீஸை மறந்தீர் என்பாரும் உளர். அவர் சொல்வதும் நியாயமே. ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினால் ஏறத்தாழ 65 லிட்டர் இடத்தை அடைப்பார். 136உடன் 65 சேர 201. இன்னும் குறை. இருவர் இறங்கினால் 266. ஜெட்டுகள் மூழ்கிவிடும், மேலே 39 லிட்டர் மிச்சமும் உண்டு. இதிலிருந்து பெறப்படுவது: இவ்வியந்திரம் பனிக்காலத்தில் ஓட வேண்டுமாயின் தம்பதியர் பேச்சுவார்த்தையில் இருத்தல் இன்றியமையாதது. தொட்டியின் விளம்பரப் படங்களில் எப்போதும் இருவர் சிரித்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுநாள்வரை காதல் என்று கருதப்பட்டது. அது நீரியல்.

சும்மாத் தொட்டிக்கு இந்த நெருக்கடி இல்லை. 136 லிட்டரில் தனியாள் படுத்தால் தோள் வரை வராது போகலாம். ஆனால் உட்கூரை நனையாது, மணவாழ்வும் சோதிக்கப்படாது.

உள்ளுறை

தொட்டியை வடித்த பிறகும் வடியாதது ஒன்று உண்டு. மேடைக்கு அடியில் ஓடும் வளைகுழாய்களின் தாழ்ந்த இடங்களிலும் பம்பின் வயிற்றிலும் சிறிது தண்ணீர் தங்கும். குளித்தவரின் தோல் துகளும் எண்ணெய்ப் பசையும் சோப்பும் அதில் கரைந்திருக்கும். வெளிச்சம் இல்லை, ஓட்டம் இல்லை, இதமான சூடு உண்டு. பாக்டீரியாக்கள் குழாய்ச் சுவரில் குடியேறி, தம்மைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து, கூட்டாக வாழத் தொடங்கும். பயோஃபிலிம் எனப்படும் இதனை டச்சுக்காரர் லேவன்ஹுக் 1683இலேயே தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்து உருப்பெருக்கியில் பார்த்து லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். பல்லை நாம் தினமும் துலக்குகிறோம். குழாயை எவர் துலக்குவார்?

நெடுநாள் கழித்து ஒரு நாள், விருந்தினர் வருகிறார் என்றோ முதுகு பிடித்துக்கொண்டது என்றோ, பொத்தானை அமுக்குவார்கள். ஜெட்டிலிருந்து முதலில் வருவது தண்ணீரன்று, கறுத்த செதில்கள். சும்மாத் தொட்டி இயக்கத்தில் சேர்ந்தோர் பலரின் மனமாற்றம் நிகழும் கணம் இதுவே. அந்தச் செதில்களைக் கண்ட பிறகு எந்தக் கையேடும், எந்தத் தூளும் அவரைத் திருப்பி அழைக்க முடிவதில்லை.

அவர் அருவருப்பு வீண் அன்று. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ஒருவர் சுழல் தொட்டிகளிலிருந்து 43 நீர் மாதிரிகளைச் சோதித்தார். 43இலும் பாக்டீரியா வளர்ந்தது. இதைவிடக் கடுமையானது 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்தது. மலர்க் கண்காட்சி ஒன்றில் விற்பனைக்குக் காட்ட ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்த நீர்த்தூவலில் லெஜியோனெல்லா இருந்தது. தொட்டியில் எவரும் குளிக்கவில்லை; பூப் பார்க்க வந்தவர்கள் அதன் பக்கமாக நடந்து போனார்கள். 32 பேர் இறந்தார்கள். தண்ணீரைக் கொந்தளிக்க வைப்பது, அதிலுள்ளதைக் காற்றில் ஏற்றுவதும் ஆகும். நிற்கும் தண்ணீர் அந்த வேலையைச் செய்வதில்லை.

பதிப்பு நெறிகள்

இங்கே ஆய்வு மூலபாடவியலுக்குள் நுழைகிறது. தொட்டி தயாரிப்போர் பலரும் ஒரே வார்ப்பில் இருவகைப் பொருளைச் செய்கிறார்கள். அக்ரிலிக் ஓட்டை வார்த்தெடுத்து அப்படியே விற்றால் சும்மாத் தொட்டி, குறைந்த விலை. அதே ஓட்டில் துளையிட்டுக் குழாயும் மோட்டாரும் பொருத்தினால் சுழல் தொட்டி, கூடுதல் விலை. எனவே மூலபாடம் என்பது கற்பனையன்று, கடையிலேயே இருந்தது. ஜெட்டுகள் இடைச்செருகல்கள். சுழல் தொட்டியை மாற்றியமைப்பவர் முதலில் தொட்டிக்குப் பணம் கொடுத்தார், பிறகு துளைக்குக் கொடுத்தார், இப்போது துளையின்மைக்குக் கொடுக்கிறார். இந்த மூன்றாம் தொகை சில வேளைகளில் முதலிரண்டையும் மிஞ்சிவிடுவது, இடைச்செருகலை நீக்குவது சேர்ப்பதைவிட அரிது என்னும் பதிப்பாசிரியர்களின் பொது அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

பதிப்பாளர் இடையே பல பள்ளிகள் உள.

கண்டுகொள்ளாப் பள்ளியினர், மின்சாரப் பெட்டியில் மோட்டாரின் பிரேக்கரை அணைத்துவிட்டுத் தொட்டியை நிரப்பிப் படுத்துக்கொள்வர். பாடத்தில் கை வைக்கலாகாது, இடைச்செருகலைத் தாண்டி வாசித்துக்கொள்க என்பது இவர் கொள்கை. பொருந்தாது. தண்ணீர் ஜெட்டு உயரம் எட்டியதும் குழாய்க்குள் தானே புகும். குளிப்பவர் அசையும்போதெல்லாம் வெளியே வந்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும். முன்னேனும் மாதம் ஒரு முறை தூள் போட்டுக் கழுவினார்கள். இப்போது அதுவும் இல்லை. ஜெட்டுக்குக் கீழே வரை மட்டும் நிரப்பினால் போதுமே எனின், உறிஞ்சுவாய் அதற்கும் கீழே இருக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டு படுத்தால் முதுகு மட்டும் நனையும். அது குளியல் ஆகாது, ஒத்தடம்.

மூடிப் பள்ளியினர் ஜெட்டின் மூக்கைத் திருகிக் கழற்றிவிட்டு, அதன் வாயில் ஒரு வட்டமூடியைச் சிலிக்கான் பசையால் ஒட்டுவர். ஒரு சனிக்கிழமை மாலைக்குள் வேலை முடிந்துவிடும் என்பதே இப்பள்ளியின் புகழ். ஆனால் வெந்நீரில் விரிந்தும் வடித்தபின் சுருங்கியும் அந்த ஒட்டு நாளடைவில் ஓரம் பெயரும். பெயர்ந்த விளிம்பு வழியே புகும் தண்ணீர் மூடிக்குப் பின்னால் சிறைப்பட்டு, மேலே சொன்ன உள்ளுறையை முன்னிலும் செழிப்பாக வளர்க்கும். குழாயை முழுக்க உலர்த்தாமல் மூடியவர்க்கு இந்த வளர்ப்பு முதல் நாளே தொடங்கும். போதாக்குறைக்கு, சாயும்போது விலாவில் மூடி இடிக்கும்.

பின்புறப் பள்ளியினர் நுணுக்கம் மிக்கவர். மேடையின் திறப்பு வழியே படுத்தபடி உள்ளே புகுந்து, ஒவ்வொரு ஜெட்டின் முதுகிலும் வந்து சேரும் பிவிசி குழாயை அறுத்து, அறுத்த முனையில் பசை தடவி மூடி பொருத்துவர். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஜெட் ஒவ்வொன்றுக்கும் முதுகில் இரண்டு வழிகள். தண்ணீர் வரும் பெரிய குழாய் ஒன்று. விளிம்பிலுள்ள திருகுகுமிழிலிருந்து காற்று வரும் சிறிய குழாய் ஒன்று. வெஞ்சூரியின் விதி வேலை செய்வது இந்த இரண்டாவதால்தான். எட்டு ஜெட்டென்றால் பதினாறு முனைகள், உறிஞ்சுவாய் தனி. காற்றுக் குழாயை மறந்தவர் வீட்டில் கீழ்த்தளக் கூரை ஈரமாகும். எல்லா முனையும் மூடிய பின், தொட்டியை நிரப்பி, ஒரு நாள் முழுக்க விட்டு, உலர்ந்த காகிதத் துண்டால் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்த பிறகே மேடையை மூடுவர். குளியலறைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜெட்டுகள் அப்படியே இருக்கும், உயிர் இருக்காது. ஒவ்வொரு வாயிலும் ஒரு கரண்டித் தண்ணீர் தங்கும், அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். செலவு, பயன் இரண்டையும் நிறுத்துப் பார்க்கையில் இவ்வாய்வாளர் இப்பள்ளியையே மேலானதாகக் கொள்வர்.

ஒரே இடர்ப்பாடு திறப்பு. சுழல் தொட்டியின் மின்கருவிகளைச் சுவரையோ பூச்சையோ உடைக்காமல் எட்டும்படி வழி விட வேண்டும் என்று அமெரிக்க மின்விதித் தொகுப்பு சொல்கிறது. டைல்ஸ் ஒட்டியவரும் அவ்விதியை மதித்து வழி விட்டிருப்பார்: மோட்டாரை எட்டலாம், அதுவும் ஒரு கையால், தோளை ஒடுக்கி. எதிர்மூலையில் இருக்கும் ஜெட்டுகளை எட்டுவது பற்றி விதியும் பேசவில்லை, அவரும் கவலைப்படவில்லை. எனவே பின்புறப் பதிப்பு பெரும்பாலும் ஒரு சுவரை அறுப்பதில் தொடங்கும். அடுத்த அறையின் துணி அலமாரிச் சுவர் உகந்தது. சட்டைகளைத் தொங்கவிட்டால் தழும்பு தெரியாது.

அறுவைப் பள்ளியினர் செம்பதிப்பாளர். ஜெட்டை அடியோடு பிடுங்கி, துளையின் பின்புறம் ஃபைபர் கிளாஸ் துணியை ரெசினில் தோய்த்து ஒட்டி, முன்புறம் குழைவு பூசி நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கி, பிறகு தொட்டி முழுவதற்கும் புதுப் பூச்சு அடிப்பர். முழுவதற்கும் ஏனெனில், 1988ஆம் ஆண்டின் பாதாம் நிறத்துக்கு இணையான பாதாம் இன்று எந்த டப்பாவிலும் கிடைப்பதில்லை. நன்கு செய்தால் இடைச்செருகல் இருந்த இடமே தெரியாது. அரைகுறையாகச் செய்தால் தொட்டி முழுக்க வட்ட வட்டமாக அம்மைத் தழும்பு. வேலை செய்பவரின் மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை: தொட்டியில் பழைய பூச்சை உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த திரவத்தைக் காற்றோட்டமில்லாத குளியலறையில் பயன்படுத்தியதால், 2000க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்காவில் 13 தொழிலாளர்கள் இறந்ததாக அரசு நோய்த்தடுப்பு மையம் 2012இல் பதிவு செய்தது. தொட்டிக்குள் குனிந்த தலையோடு வேலை; அந்த ஆவி காற்றைவிடக் கனம்; தொட்டியின் அடியிலேயே தேங்கும்.

எரிப்புப் பள்ளியினர் ஏட்டையே தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பிரதி வாங்குவோர். எளிதாகத் தோன்றும். வீடு கட்டியபோது தொட்டியை உள்ளே வைத்த பிறகுதான் சுவரும் வாசலும் எழுந்தன என்பதும், வாசலின் அகலத்தைவிடத் தொட்டியின் அகலம் கூடுதல் என்பதும் பழைய தொட்டியை வெளியேற்றும் அன்றுதான் தெரியவரும். பிறகென்ன, ரம்பம்தான்.

இவற்றின் புறத்தே நிற்கும் வாளிப் பள்ளி ஒன்றுண்டு. இதைத் தமிழாய்வில் விட முடியாது. அமெரிக்காவில் இப்படியொரு வீட்டை வாங்கிய நம்மவர் சிலர், தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு சொம்பும் வைத்து, நின்றபடி ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஜெட்டுகளின் உயரத்தை எட்டுவதே இல்லை. பயோஃபிலிம் பட்டினியில் கிடக்கிறது. ஷவர் தனியாக இருக்கும் வீடுகளில் வாளியும் வெளியேறி, தொட்டிக்குள் கொலுப் பெட்டிகள் குடிவரும். நவராத்திரிக்கு நவராத்திரி அவை எழுந்து போய்த் திரும்பி வரும். மாற்றியமைப்புச் செலவு மிகக் குறைந்த பள்ளி இதுவே. ஆனால் இதில் குளியல் நிகழாமையால், இதனைப் பதிப்பு நெறி என்பதா, நூலகம் என்பதா என்பது முடிவாகவில்லை.

மின்னியல்

மோட்டாரைக் கழற்றுமுன் பிரேக்கரை அணைத்து, அணைந்ததைச் சோதனைக் கருவியால் உறுதி செய்து, வயர் முனைகளைப் பெட்டியிலிட்டு மூட வேண்டும். தெரியாதவர் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். இதில் நகைச்சுவை இல்லாமையால் இவ்வியல் முற்றிற்று.

செலவியல்

பின்புறப் பள்ளியின் மூடிகளும் பசையும் சில பத்து டாலரில் அடங்கும், கூலி தன்னுடையதாயின். ஆள் வைத்துச் செய்தால் நூறுகளில் ஏறும். அறுவைப் பள்ளி ஆயிரத்தைத் தொடலாம். எரிப்புப் பள்ளி, டைல்ஸையும் தரையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு, குளியலறை முழுவதையும் புதுப்பிக்க வைத்துவிட்டே ஓயும்.

செலவின் மெய்ப்பொருள் பற்றிய ஒரு வாய்மொழி வழக்காறு கிடைத்துள்ளது. ஆறு மாத விசாவில் கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு மாமியார், பிளம்பர் விலைச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு மருமகளிடம் கேட்டது இது:

“ஏம்மா, முன்னாடி தண்ணி ஓடறதுக்குக் காசு குடுத்தீங்க. இப்போ நிக்கறதுக்கா குடுக்கறீங்க?”

“இல்ல அத்தை, உள்ள அழுக்கு சேருதாம்.”

“அதை அடைச்சுட்டா உள்ள இருக்கற அழுக்கு எங்க போகும்?”

இந்த இரண்டாம் வினாவுக்கு மேற்கண்ட பள்ளிகளில் விடை உடையவை மூன்றே: குழாயை அறுத்து நீக்கும் பின்புறப் பள்ளியும், அறுவைப் பள்ளியும், எரிப்புப் பள்ளியும். மூடிப் பள்ளியின் வாதம் முழுவதையும் அத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார். மருமகளும் அன்றே பிளம்பரைத் திரும்ப அழைத்து, மூடி மட்டும் போடும் விலைச்சீட்டை மாற்றி எழுதச் சொன்னதாகக் கேள்வி.

பிறிதொரு தடை வீட்டின் மறுவிற்பனை பற்றியது. ஜெட் இருந்தால் விலை கூடும் என்று ஒரு காலத்தில் வீட்டுத் தரகர்கள் சொன்னார்கள். இப்போது அதே தரகர்கள் தனித்து நிற்கும் சும்மாத் தொட்டியின் படத்தைப் போட்டு, அருகில் ஒரு மெழுகுவத்தியும் சுருட்டிய துண்டும் வைத்து விற்கிறார்கள். தொட்டி குறித்த தரகர் கருத்து காலந்தோறும் மாறுவது என்றும், அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது என்றும் இவ்வியல் கருதுகிறது.

மேலாய்வுக்குரியன

கழற்றிய மோட்டார் என்ன ஆகிறது? அது கராஜ் அலமாரியில் ஏறுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச உதவும் என்று வீட்டுக்காரர் நம்புகிறார். உதவாது: தன் வாய்வரை தண்ணீர் தானே வந்து நின்றால்தான் அது தள்ளும், கீழேயுள்ள தண்ணீரைத் தானே உறிஞ்சி மேலேற்றும் வகை அதுவன்று. கிணற்றுப் பம்பு செய்த குடும்பத்தின் வழிவந்த கருவிக்கு இது சற்றே தலைக்குனிவு. எனினும் இதை மோட்டாரின் முகத்துக்கு நேரே சொன்னவர் இல்லை.

பொத்தானின் நிலை இதனினும் சிக்கலானது. தொட்டி விளிம்பில் அதைப் பிடுங்கினால் அங்கே ஒரு துளை. அதற்கு ஒரு மூடி. அந்த மூடியின் அழகு பொத்தானைவிடக் குறைவு. ஆகவே பெரும்பாலோர் பொத்தானை விட்டுவைக்கிறார்கள். அதில் மின்சாரம் இல்லை. அமுக்கினால் ஒரு சிறு குழாய் வழியே காற்றுத் துடிப்பு ஒன்று மோட்டாருக்குப் போகும்படி அமைந்தது. மோட்டார் போன பிறகும் அது அமுங்கும், ‘புஸ்’ என்று மெல்லிய சத்தம் வரும், வேறொன்றும் நடக்காது. இனிக் குளிக்க வரும் விருந்தினர் அதை அமுக்குவார், மறுபடி அமுக்குவார், கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அமுக்குவார். அவரை முன்கூட்டி எச்சரிப்பது வீட்டாரின் கடமையா, அன்றித் தாமே கண்டு தெளிய விட்டுவிடலாமா என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன. இவ்வாய்வாளர் இரண்டாம் கருத்தினர்.